பெருச்சாளிக்கு எந்த பெல்லட்?

கோழிக் கூண்டுப் பக்கம் வரும் பெருச்சாளிக்கு 0.177 அங்குல ஏர் ரைபிளில் கூர்முனை பெல்லட் (ஈயக் குண்டு) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பார்க்கத்தான் மிரட்டலாக இருக்கும். குறி அவ்வளவு சீராக அமையாது. 10 மீட்டருக்குள் என்றால் தட்டைமுனை போதும், அடி முழுவதும் உடம்பிலேயே இறங்கும். அதைத் தாண்டினால் உருண்டைமுனை, 8 கிரெய்ன் (சுமார் அரை கிராம்) எடையில். இரண்டு மூன்று பிராண்டு வாங்கி, சுடப்போகும் தூரத்திலேயே தாளில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள்; எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கிக்கு. தலைக்கு மட்டும் குறிவையுங்கள். காயத்தோடு வளைக்குள் ஓடவிட்டால் பாவம், நாற்றமும் உங்களுக்குத்தான். காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துச் சுடாதீர்கள், ஈயம் தெறித்துத் திரும்பும். பின்னால் மண்மூட்டை அடுக்குங்கள். அப்புறம், ராத்திரியில் தீவனத்தை மூடி வைக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.