கண்டெய்னரின் ரூட்டுக்கு எந்த ஸ்டோரேஜ்? எப்படி அமைப்பது?

கேள்வி: ஒரு சர்வரில் இன்கஸ் (கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) மூலம் 20 சிஸ்டம் கண்டெய்னர்கள் (முழு லினக்ஸ் போல இயங்கும் தனித்தனிச் சூழல்கள்) ஓடுகின்றன. நிறுவும்போது கேட்ட எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிவிட்டேன். இப்போது அவற்றின் பொதுச் சேமிப்பிடமான 30 ஜிபி இசட்எஃப்எஸ் பூல் நிறைந்து, எந்தக் கண்டெய்னரிலும் எழுத முடியவில்லை. ரேம் 32 ஜிபி. ஓஎஸ் தனி எஸ்எஸ்டி-யில் இருக்கிறது. இரண்டு 1 டிபி என்விஎம்இ டிஸ்க்குகள் காலியாக உள்ளன. இசட்எஃப்எஸ்-இலேயே தொடரலாமா, எல்விஎம் அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஸ்டோரேஜ் வகைக்கு மாறலாமா?

பதில்: தொடருங்கள். இசட்எஃப்எஸ் மீது தவறில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தவறு. டிஸ்க் எதையும் காட்டாமல் என்டர் தட்டினால், ஓஎஸ் டிஸ்க்கிலேயே ஒரு கோப்பை உருவாக்கி அதை லூப் டிஸ்க்காக (டிஸ்க் போல நடத்தப்படும் கோப்பு) இன்கஸ் பயன்படுத்தும். அதன் அளவு காலி இடத்தில் 20 சதவீதம்; குறைந்தது 5 ஜிபி, அதிகபட்சம் 30 ஜிபி. கண்டெய்னர் எழுதும் ஒவ்வொரு வரியும் இசட்எஃப்எஸ், லூப், ஓஎஸ்-இன் ஃபைல் சிஸ்டம் என மூன்று அடுக்கு தாண்டித்தான் டிஸ்க்கைச் சேர்கிறது. அந்தக் கோப்பு முழு இடத்தையும் முன்கூட்டியே பிடித்து வைப்பதும் இல்லை. ஓஎஸ் டிஸ்க் நிறைந்தால், பூலுக்குள் இடம் இருப்பதாகத் தெரிந்தாலும் எழுதும்போது ஐ/ஓ பிழை வந்து பூல் மொத்தமாக நின்றுவிடும்.

முதலுதவியாக, அந்தப் பூலின் சைஸ் அமைப்பை 60 ஜிபி ஆக்குங்கள். அதற்கு முன் ஓஎஸ் டிஸ்க்கில் அவ்வளவு இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று டிஎஃப் கட்டளையில் பார்த்துவிடுங்கள். லூப் பூலைப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க முடியாது. எப்படியும் அதை அழிக்கப்போகிறோம் என்பதால் அது பரவாயில்லை.

மற்ற வகைகளை ஏன் சொல்லவில்லை? டைரக்டரி வகையில் (சாதாரண ஃபோல்டரில் வைப்பது) ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது, என்றால் கோப்புகளை முழுதாக நகலெடுப்பதுதான். சோதனைக்கு மட்டும் போதும். பிடிஆர்எஃப்எஸ் ரேமை அதிகம் கேட்காது, கண்டெய்னருக்குள் கண்டெய்னர் ஓட்ட வசதியானது. ஆனால் ஸ்னாப்ஷாட்டுகள் பெருகியபின் கோட்டாவையும் (இட வரம்பு) இயக்கினால் வேகம் விழும்.

எல்விஎம் தின்பூல் (எழுதும்போதுதான் இடம் ஒதுக்கும் பூல்) வேகமானது. அது நிறையும்போது நடப்பதுதான் பயம். தின்பூலில் இடம் தீர்ந்ததைக் கண்டெய்னருக்குள் இருக்கும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அறியாது, அதன் கணக்கில் இன்னும் காலி இருக்கும். எழுத்துகள் 60 விநாடி வரிசையில் காத்துநின்று, பிறகு பிழையாகத் திரும்பும். அதோடு அந்த ஃபைல் சிஸ்டம் சேதமாகலாம். தானாகப் பெரிதாகும் வசதி உண்டு, ஆனால் அதன் வரம்பு இயல்பாக 100, அதாவது அணைந்த நிலை. எல்விஎம்தான் வேண்டும் என்பவர்கள் அதை 80 ஆக்கி, வால்யூம் குரூப்பில் (எல்விஎம் இடம் எடுக்கும் டிஸ்க் தொகுப்பு) காலி இடமும் விட்டுவைக்க வேண்டும். டேட்டா சதவீதத்தைப் பார்ப்பவர்கள்கூட மெட்டாடேட்டா (எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) சதவீதத்தைப் பார்ப்பதில்லை. அது நிறைந்தால் மீட்பது இன்னும் கடினம்.

இனி உங்கள் அமைப்பு. மிரர் பூலை (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா) இன்கஸிடம் விடாமல் நீங்களே இசட்பூல் கட்டளையால் உருவாக்குங்கள். டிஸ்க்குகளை ஐடி வழியான பெயரால் குறிப்பிடுங்கள். என்விஎம்இ-0, என்விஎம்இ-1 என்ற எண்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம். ஆஷிஃப்ட் 12 (அதாவது 4 கேபி செக்டர்) என்று கொடுங்கள். இது டிஸ்க்கைப் பூலில் சேர்க்கும்போதே முடிவாகிவிடும், பின்னால் மாற்ற வழியில்லை. எல்இசட்4 கம்ப்ரஷன், ஆட்டோட்ரிம் (காலியான இடத்தை டிஸ்க்குக்குத் தெரிவிப்பது) இரண்டையும் இயக்குங்கள். பூலுக்குள் இன்கஸுக்கென்று தனி டேட்டாசெட் (பூலுக்குள் ஒரு தனிப் பிரிவு) ஒன்றை உருவாக்கி, அதையே புதிய ஸ்டோரேஜ் பூலின் சோர்ஸாகக் காட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு காலி டேட்டாசெட்டுக்கு 20 ஜிபி ரெஃப்ரிசர்வேஷன் (இட ஒதுக்கீடு) போட்டுவையுங்கள். என்றாவது பூல் முட்டி நின்றால், அந்த ஒதுக்கீட்டை எடுத்த நொடியில் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு ரேமைத் தாராளமாக எடுக்கும், பல பதிப்புகளில் பாதி வரை. 20 கண்டெய்னர்கள் உள்ள இடத்தில் இசட்எஃப்எஸ்-ஆர்க்-மேக்ஸ் (இந்தக் கேஷின் உச்சவரம்பு) மதிப்பை 4294967296 பைட், அதாவது 4 ஜிபி என்று கட்டிவையுங்கள்.

அதிகம் குழப்புவது கோட்டாதான். ஒரு கண்டெய்னரின் ரூட்டுக்கு 10 ஜிபி கொடுத்திருக்கிறீர்கள். உள்ளே 6 ஜிபி லாக் சேர்ந்துவிட்டது, அழிக்கிறீர்கள். ஆனாலும் இடம் திரும்புவதில்லை. முந்தைய இரவின் ஸ்னாப்ஷாட் அந்த 6 ஜிபி-யைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இயல்பான கோட்டாவில் ஸ்னாப்ஷாட்டும் கணக்கில் சேரும். முழுதாக நிறைந்துவிட்டால் கோப்பை அழிப்பதற்கே கோட்டா தாண்டியது என்று பிழை வரக்கூடும். ஹோஸ்டில் இசட்எஃப்எஸ் லிஸ்ட் கட்டளையை ஸ்பேஸ் என்ற காட்சியில் பாருங்கள். டேட்டாவுக்கு எவ்வளவு, ஸ்னாப்ஷாட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனிப் பத்திகளில் காட்டும். இதைத் தவிர்க்க, கண்டெய்னர்களை மாற்றத் தொடங்கும் முன்பே பூலில் யூஸ்-ரெஃப்கோட்டா (ஸ்னாப்ஷாட்டைக் கணக்கில் சேர்க்காத கோட்டா) அமைப்பை ட்ரூ ஆக்குங்கள். மாற்றிய பின், அந்த டேட்டாசெட்டில் ரெஃப்கோட்டா உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: ஸ்னாப்ஷாட்டுகள் இனி யார் கணக்கிலும் வராது. எத்தனை நாள் வைப்பது என்ற காலாவதியை நீங்கள் கட்டாயம் நிர்ணயிக்க வேண்டும்.

இடத்தைக் கணக்கிடும்போது, ஒரே இமேஜைப் பகிர்வதால் (குளோன்) மிச்சமாகும் இடத்தை நம்பாதீர்கள். ஒரே இமேஜிலிருந்து எடுத்த 20 கண்டெய்னர்கள் முதல் நாள் ஒரே பிளாக்குகளைப் பகிரும். ஒவ்வொன்றிலும் முழு அப்டேட் ஓடிய பிறகு, ஒவ்வொன்றும் தனக்கான பிரதியை எழுதிவிடும். பகிர்வு கரைந்துபோகும்.

டேட்டாபேஸ் உள்ள கண்டெய்னர்களில் டேட்டா டைரக்டரியை ரூட்டில் வைக்காதீர்கள். அதற்குத் தனி கஸ்டம் வால்யூம் (ரூட்டிலிருந்து பிரிந்த சேமிப்பிடம்) உருவாக்கி மவுன்ட் செய்யுங்கள். இசட்எஃப்எஸ்-இன் இயல்பான பிளாக் 128 கேபி. மைஎஸ்கியூஎல்-இன் இன்னோடிபி 16 கேபி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 8 கேபி பக்கங்களாக எழுதுகின்றன. சின்ன மாற்றத்துக்கும் பெரிய பிளாக் முழுதும் திரும்ப எழுதப்படும். வால்யூமை உருவாக்கும்போதே பிளாக்சைஸைப் பொருத்திவிடுங்கள். இன்னொரு ஆதாயம்: அப்டேட் சொதப்பினால் ரூட்டை மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பலாம், டேட்டா அப்படியே இருக்கும். இதே வால்யூமை இரண்டு கண்டெய்னர்கள் பகிர வேண்டுமானால் செக்யூரிட்டி-ஷிஃப்டட் (கோப்பு உரிமையாளர் எண்களை ஒவ்வொரு கண்டெய்னருக்கும் பொருத்துவது) அமைப்பை இயக்குங்கள். இதற்கு ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 அல்லது அதற்குப் பிந்தையது இருப்பது நல்லது. கண்டெய்னருக்குள் டாக்கர் ஓட்டுபவர்களுக்கும் அதே பதிப்புதான். அதற்கு முந்தைய பதிப்புகளில், டாக்கர் பயன்படுத்தும் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் மேல் சரியாக உட்காராது.

மாற்றும் வரிசை முக்கியம். புரொஃபைலில் (கண்டெய்னர்களுக்கான பொது அமைப்பு) உள்ள ரூட் டிஸ்க்கின் பூலை முதலிலேயே மாற்றப் பார்த்தால், கண்டெய்னர்கள் அதை நம்பியிருக்கின்றன என்று இன்கஸ் மறுக்கும். அதனால் முக்கியமில்லாத ஒரு கண்டெய்னரை நிறுத்தி, மூவ் கட்டளையில் ஸ்டோரேஜ் என்று புதிய பூலின் பெயர் கொடுத்து நகர்த்துங்கள். ஸ்னாப்ஷாட்டுகளும் கூடவே வரும். ரூட் டிஸ்க் அமைப்பு இப்போது அந்தக் கண்டெய்னரின் சொந்தக் கான்ஃபிகில் வந்துவிடும். அளவையும் அங்கேயே கொடுங்கள். அது ஒழுங்காகக் கிளம்பினால் மற்றவற்றை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எல்லாம் முடிந்தபின் புரொஃபைலைப் புதிய பூலுக்குத் திருப்புங்கள். பழைய பூலை அழிக்கும்போது பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால், பெரும்பாலும் அங்கே தங்கியிருக்கும் இமேஜ்கள்தான் காரணம். இமேஜ் சர்வரிலிருந்து வந்தவற்றை நீக்கிவிடலாம், தேவைப்படும்போது மறுபடி இறங்கிக்கொள்ளும்.