ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் அந்தக் காலத்தில் சென்னை, திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது ஏன்? இப்போதும் அக்கரை நிலையங்களைப் பிடிக்க வழி உண்டா?

அறிவிப்பாளர்களின் குரல்வளம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோருக்கு அந்தப் பெருமை முழுக்க உரியது. ஆனால் அந்தக் குரல்கள் கரகரப்பில்லாமல் நம் கரைக்கு வந்து சேர வைத்தது மன்னார் வளைகுடா.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி சுமார் 180 கி.மீ., கொழும்பு சுமார் 265 கி.மீ. திருச்சிதான் பக்கம். ஆனால் திருச்சியிலிருந்து வரும் மத்திய அலை (ரேடியோவில் MW) புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையின் வறண்ட நிலத்தை ஒட்டி ஊர்ந்து வர வேண்டும். கொழும்பிலிருந்து கோடு போட்டால் நீர்கொழும்பைத் தாண்டி, கற்பிட்டிக்கு மேற்கே, கிட்டத்தட்ட முழுவதும் கடல் மேலேயே வரும். வறண்ட மண்ணைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் மின்கடத்தும். மத்திய அலையில் தரையை ஒட்டி வரும் தரையலை மண்ணில் சீக்கிரம் வலுவிழக்கும், உப்புநீர் மேல் மிகக் குறைவாகவே இழக்கும். கடலைவிட்டு உள்ளே தள்ளிய மாவட்டங்களில் இலங்கையைச் சிற்றலையில் (SW) ஏற்ற இறக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தபோது, நம் கரையில் மத்திய அலையிலேயே கேட்க முடிந்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பாதி டெல்லியில் நடந்தது. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பர் முயற்சியில் தொடங்கியது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகள் அங்கே ஒலிபரப்பு நடத்தின, போருக்குப் பின் சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகள் இலங்கை அரசுக்கு வந்து சேர்ந்தன. 1949இல் ரேடியோ சிலோன், 1950இல் வர்த்தக சேவை. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போனது. பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்கள் கொழும்புக்குத் திருப்பினார்கள். விளம்பரம் கொடுக்க நினைத்த இந்தியக் கம்பெனிகளும் அங்கேதான் போயின, ஏனென்றால் நம் வானொலி விளம்பரமே வாங்காது. அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையான விவித் பாரதி 1957 அக்டோபரில் வந்தது, அதில் விளம்பரம் வந்ததோ 1967 நவம்பரில். அதற்குள் ஒரு தலைமுறையே கொழும்புக்குப் பழகிவிட்டது. கேஸ்கரின் முடிவு இலங்கைத் தமிழ் ஒலிபரப்புக்குக் கிடைத்த ஆகப்பெரிய கொடை என்பேன்.

1967 ஜனவரியில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறியது. 1972க்குப் பிறகு இன்றைய இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர்.

இப்போது பிடிப்பதைப் பற்றி. பண்பலை இங்கே பெரிதாக உதவாது. அது கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கி.மீட்டரில் வரும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ.தான். காற்று அடங்கிய வெப்ப இரவுகளில் கடல்மேல் அலை வளைந்து வந்து திடீரென்று அக்கரைப் பண்பலை கேட்கும், விடிந்து வெயில் ஏறினால் போய்விடும். அதை நம்பி உட்கார முடியாது.

மத்திய அலைக்கு ஒரு சட்ட ஆன்டெனா கட்டுங்கள். 60 செ.மீ. சதுர மரச்சட்டம், 35 மீட்டர் இன்சுலேஷன் உள்ள மெல்லிய செம்புக் கம்பி. 6 மி.மீ. இடைவெளி விட்டு 14 சுற்று. இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவில் கழற்றிய 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்பும் தகடுகள் கொண்டது) பற்றவைத்தால் 525 கிலோஹெர்ட்ஸிலிருந்து மத்திய அலைப் பட்டை முழுவதும் ஒத்திசையும். கண்டென்சர் 500 பிகோஃபாரட் என்றால் 12 சுற்று போதும். சுற்றுகளை நெருக்கிச் சுற்றக்கூடாது. கம்பிகளுக்கிடையே மின்தேக்கம் கூடி, பட்டையின் மேல்பகுதி எட்டாமல் போய்விடும்.

ரேடியோவோடு ஒயர் இணைப்பு எதுவும் வேண்டாம். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்க வேண்டும், ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டு சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்துக் கண்டென்சரைத் திருப்பினால் ஓசை சட்டென்று எழும்பும்.

நம் ஊருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் புத்தளம், கொழும்பு தெற்கு-தென்கிழக்கில், தூத்துக்குடி மேற்கு-தென்மேற்கில். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட செங்கோணம். சட்டத்தை இலங்கைக்குத் திருப்பும்போதே 1053 கிலோஹெர்ட்ஸில் வரும் தூத்துக்குடி வானொலி நிலையத்தின் பலத்த அலை தானாகவே அமுங்கிவிடும்.

பகலிலேயே தேடுங்கள். பொழுது சாய்ந்தால் தொலைதூர நிலையங்கள் வானலையாக, அதாவது மேல்வானில் பட்டுத் திரும்பி வந்து மேலே ஏறிவிடும். எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் பட்டை முழுக்க இரைச்சலைக் கொட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டால் இரைச்சல் வீட்டிலிருந்து வருகிறதா என்பது தெரிந்துவிடும்.

கண்டென்சரைக் கடலைப் பார்த்துத் திறந்து வைக்காதீர்கள். உப்புக்காற்றில் தகடுகளில் களிம்பு ஏறி, திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பொருத்தி, கைப்பிடித் தண்டை மட்டும் வெளியே விடுங்கள்.