கிரேட் ஸ்லேவ் ஏரி வைட்ஃபிஷ்: சதைக்குள் வெள்ளைக் கட்டி

கனடாவின் கிரேட் ஸ்லேவ் ஏரியில் பிடித்த வைட்ஃபிஷ் மீனின் சதைக்குள் வெள்ளைக் கட்டிகள் இருக்கின்றன, தண்ணீர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இது தண்ணீர் கெட்டதால் வந்ததல்ல. நீங்கள் சொல்வதுபோல் சதைக்குள் அரிசி மணி மாதிரி வெளிறிய கட்டிகள் என்றால், பெரும்பாலும் ட்ரையெனோஃபோரஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். வளர்ந்த புழு, பைக் என்ற வேட்டை மீனின் குடலில் இருக்கும். அதன் முட்டை தண்ணீருக்கு வந்து, கோபிபாட் என்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரி வழியாக வைட்ஃபிஷ்ஷுக்குப் போகிறது. வடக்கு ஏரிகளில் சகஜம்.

ஒன்றைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். மஞ்சள் கூழோடு நூல் போன்ற வெள்ளைப் புழு வந்தால் அதுதான். மனிதருக்குத் தொற்றாது, பார்க்கத்தான் சகிக்காது. கட்டிகளை வெட்டி எறிந்துவிட்டு மீனை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

தோலில் புண், ஈரலில் நிறமாற்றம் இருந்தால் கதை வேறு. முழு மீனையும் உறையவைத்து, பிடித்த இடமும் தேதியும் எழுதி மீன்வள அலுவலகத்தில் கொடுங்கள். அப்புறம், மீனில் பாதரசம் இருந்தால் அது கண்ணுக்கும் தெரியாது, தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டருக்கும் தெரியாது. அதற்குச் சதையை ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.