கதவிடுக்கில் வாலை விட்ட பல்லி

வணக்கம் சகோதரி. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் கதவைச் சாத்தியபோது பல்லியின் வால் அறுந்து துடித்தது என்றும், மகள் "நான்தான் கொன்றுவிட்டேன்" என்று இரண்டு நாளாக அழுகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் அந்தப் பல்லி உயிரோடுதான் இருக்கிறது. அதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

வாலைக் கதவு வெட்டியிருக்காது, பல்லியே கழற்றி விட்டிருக்கும். அதன் வால் முள்ளெலும்புகளுக்குள் முறிவதற்கென்றே பலவீனமான இடங்கள் உண்டு. தசை இறுகியதும் அங்கே பிரிகிறது. இரத்தக் குழாய்களும் சுருங்கிவிடுவதால் தரையில் இரத்தக்கறை காண்பது அரிது. துண்டு துள்ளுவதற்கு மூளை தேவையில்லை, அதற்குள் எஞ்சிய நரம்பே போதும். பூனை அந்தத் துள்ளலைப் பார்த்து நிற்கும், பல்லி ஓடிவிடும். (எங்கள் அம்மா பல்லி விழும் பலன் பார்ப்பார். வால் மட்டும் விழுந்தால் என்ன பலன் என்று கேட்டேன், முறைத்தார்.)

நட்டம் இல்லாமல் இல்லை. வாலில்தான் கொழுப்பைச் சேமிக்கிறது. சுவரில் கால் வழுக்கினால் வாலை ஊன்றி ஐந்தாவது காலாகப் பயன்படுத்துகிறது; 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆகவே சில கிழமை சற்றுத் தடுமாறும். பிடித்து மருந்து பூச வேண்டாம், பூச்சிமருந்தும் அடிக்க வேண்டாம். இரவில் விறாந்தை மின்குமிழை எரியவிடுங்கள். பூச்சிகள் தாமாக வரும்.

புதிய வாலில் எலும்பு இராது, குருத்தெலும்புக் குழாய்தான். நிறமும் சற்று மாறியிருக்கும். மொட்டை வால் பல்லியை மகள் அதை வைத்தே அடையாளம் காணலாம்.