சங்கம் மாறியதால் பேர் போட மறுக்கிறார்கள்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். எங்கள் டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) 210 தொழிலாளர். 96 பேர் பழைய சங்கத்தை விட்டுப் புதிய சங்கத்தில் சேர்ந்து, என்னைத் தலைவியாக்கினார்கள். அந்தச் சங்கத்தோடு பேச முடியாது என்கிறார் துரை (தோட்ட முகாமையாளர்). போன வாரத்திலிருந்து எனக்குப் பேர் போடுவதில்லை, அதாவது வேலை தருவதில்லை; கடிதமும் தரவில்லை. நான் குடியிருக்கும் லயன் காம்பராவையும் விடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நாளைக் காலையும் பிரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போங்கள். வேலை தராவிட்டாலும் தினமும் போங்கள். வீட்டில் இருந்துவிட்டால், "அவர் தானாகவே வேலையை விட்டுவிட்டார்" என்று கம்பனி சொல்லும். வேலை நீக்கங்களை விசாரிக்கும் தொழில் நியாய சபையில், வேலையிலிருந்து நிறுத்தியதைக் கம்பனி ஒப்புக்கொண்டால் அது நியாயம் என்று காட்டவேண்டியது கம்பனி. மறுத்தால், நிறுத்தப்பட்டதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாயால் மட்டும் நிறுத்துவது இதற்காகத்தான்.

அதனால் இன்றே எழுதுங்கள்: "இன்ன திகதி காலை பிரட்டுக்கு வந்தேன். வேலை தர மறுக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." இவ்வளவு போதும்; கோபத்தைக் கடிதத்தில் காட்டவேண்டாம். துரைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை ஹட்டன் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடாகக் கொடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். பிரட்டில் பக்கத்தில் நின்ற இருவரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், அடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்கிறது வேலை நீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். உங்களுக்குத் துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

தொழில் நியாய சபைக்கு மனுப் போட ஆறு மாதம்தான் இருக்கிறது. தொழில் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தை இழந்தவர்களுக்குப் பிறகு வழியே இல்லாமல் போய்விடுகிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக நடத்துங்கள். உங்கள் சங்கமே உங்களுக்காக மனுப் போடலாம், சட்டத்தரணி கட்டாயமில்லை.

சங்க விடயம் வேறு பாதை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்க்கப்பட்ட 32அ பிரிவின்படி, சங்கத்தில் இருப்பதற்காக மட்டும் ஒருவரை நிறுத்துவது குற்றம். இதில் "மட்டும்" என்ற சொல்லைத்தான் கம்பனிகள் பிடித்துக்கொள்கின்றன: கொழுந்து குறைவு, வரவு குறைவு என்று வேறு காரணம் காட்டும். நிறுவைத் துண்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் ஒன்றையும் எறியாதீர்கள். இந்தக் குற்றத்துக்கு நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது தொழில் திணைக்களம்தான், சங்கமல்ல. இது சட்டத்தின் பெரிய ஓட்டை. ஆகவே முறைப்பாட்டில் 32அ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாமல் உறுப்பினர் உள்ள சங்கத்தோடு பேச மறுப்பதும் அதே பிரிவின் கீழ் வருகிறது. 210 பேருக்கு 40 வீதம் 84. உங்களிடம் 96 பேர் இருக்கிறார்கள். ஆனால் கோரிக்கைக் கடிதத்தில் "தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும்" என்று எழுதிவிட்டால் கணக்கு மாறும்: தோட்டத்தில் 600 பேர் என்றால் 240 தேவை. டிவிசனுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பழைய சங்கத்திலிருந்து விலகிய கடிதம் ஒவ்வொருவரிடமும் திகதியோடு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு சங்கத்திலும் நிற்பார், உங்கள் 96 கரைந்துபோகும். 12 பேர் போனால் சரியாக 84; அதற்கு மேல் ஒருவர் போனாலும் உரிமை போய்விடும். புதிய சங்கம் பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள். ஏழு பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

காம்பராவை விடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டப்படி, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. தகரத்தைக் கழற்ற, தண்ணீரை நிறுத்த யாராவது வந்தால், அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.