சூப்பர்வைசர் பதவி வருகிறது, ஓ.டி. போகிறது: ஏற்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு பிறையில். அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி, ஷிப்ட் அலவன்ஸ் 300. மாதம் 60 மணி நேரம் ஓ.டி. செய்கிறேன். இப்போது 4,200 வெள்ளிக்கு சூப்பர்வைசராக வரச் சொல்கிறார்கள். ஓ.டி. கிடையாதாம். நஷ்டம் என்கிறாள் மனைவி. அதோடு, இத்தனை நாள் ஒரே மேசையில் சாப்பிட்டவர்களை எப்படி வேலை வாங்குவது என்ற பயமும் இருக்கிறது. ஏற்கலாமா?

பதில்: முதலில் உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம், தம்பி. ஷிப்ட் அலவன்ஸைச் சேர்க்காமல் 2,600ஐ மட்டும் 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 100 வெள்ளி. எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் மணிக்கு 12.50. சாதாரண நாள் ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது 18.75. அறுபது மணிக்கு 1,125. அலவன்ஸையும் சேர்த்து ஆக மொத்தம் 4,025 வெள்ளி. ஓ.டி. பணத்துக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்க மாட்டார்கள். 2,900க்கு மட்டும் 11 விழுக்காடு, 319 வெள்ளி போகும். கையில் 3,706. புதிய சம்பளத்தில் 462 போனால் கையில் 3,738. சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா), வரி இரண்டையும் நான் சேர்க்கவில்லை. வித்தியாசம் 32 வெள்ளி. இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிட்டால் தீர்ந்துவிடும்!

ஆனால் இபிஎஃப்பில் கதை வேறு. முதலாளி போடும் 13 விழுக்காட்டையும் சேர்த்தால் இப்போது உங்கள் கணக்கில் மாதம் 696 விழுகிறது, இனி 1,008 விழும். மாதம் 312 வெள்ளி கூடுதல். அந்த அறுபது மணி நேரமும் வீட்டுக்குத் திரும்புகிறது. ஓ.டி. கிடையாது என்று சொல்லிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடும் மேனேஜர்களும் இருக்கிறார்கள், அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மனைவி சொன்ன நஷ்டம் சம்பளத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும். ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டினால் சில உரிமைகள் விடுபடும்: ஓ.டி., ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்வதற்கான கூடுதல் பணம், அப்புறம் பலர் கவனிக்காத ஆட்குறைப்பு இழப்பீடு. அந்த 4,000ஐக் கணக்கிடும்போது ஓ.டி. சேராது என்பதால், இன்று நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், 2,900இல் இருக்கிறீர்கள். நாளைக்கே உற்பத்தி லைனை மூடினாலும், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற விதிப்படி உங்களுக்கு 180 நாள் சம்பளம் வர வேண்டும். 4,200இல் அந்தச் சட்டக் குறைந்தபட்சம் தானாக வராது. உடலுழைப்பு செய்பவர்களை வேலை நேரம் முழுக்க மேற்பார்வை பார்ப்பவர்களைச் சட்டம் தனியாக நடத்துகிறது. உங்கள் பதவி எந்தப் பக்கம் விழும் என்று தொழிலாளர் இலாகாவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதனால் நியமனக் கடிதத்தில் இரண்டு வரி கேளுங்கள். ஒன்பது வருடச் சேவை தொடர்ந்து கணக்கில் வரும் என்று ஒன்று. ஆட்குறைப்பு வந்தால் சட்டத்தில் உள்ள அளவுக்காவது தருவோம் என்று இன்னொன்று. எச்.ஆர். முதலில் முகம் சுளிக்கும். பதவியை அவர்களாக நீட்டும்போதுதான் இதைக் கேட்க முடியும், கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சரி, மேசை விஷயம். என் அனுபவத்தில் நல்ல டெக்னீஷியன்கள் சூப்பர்வைசராகித் தோற்பது நண்பர்களால் அல்ல, தங்கள் கையால்தான். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் ஒருவர் இருந்தார். மெஷின் அலாரம் அடித்தால் போதும், பயிற்சியில் இருக்கும் பையனைத் தள்ளிவிட்டு இவரே மூடியைத் திறப்பார். ஏழு நிமிடத்தில் மெஷின் ஓடும். பையனுக்கு நாற்பது நிமிடம் ஆகியிருக்கும், உண்மைதான். ஆறு மாதம் கழித்து இவர் ஒரு வாரம் லீவு எடுத்தார். அந்த வாரம் லைன் நின்றது நின்றதுதான், கற்றுக்கொண்டவன் ஒருவனும் இல்லை. இப்போது மெஷினே தன் கோளாறைத் திரையில் சொல்லிவிடுகிறது. எந்தக் கோளாறுக்கு யாரை அனுப்புவது, யாருக்கு எதைக் கற்றுத்தருவது என்பதுதான் சூப்பர்வைசர் வேலை. நாற்பது நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க உங்களால் முடியுமா? முடியாது என்றால் அது குறையல்ல. தொழில்நுட்பப் பிரிவிலேயே மேலே போகும் பதவி உண்டா என்று கேளுங்கள்.

நண்பர்கள் உங்களைச் சோதிப்பது தைப்பூசத்தன்று நடக்கும். தண்ணீர்மலைக்குப் போக நம் ஆட்கள் ஆறு பேரும் லீவு கேட்பார்கள். “நம்ம ஆளுதானே” என்பார்கள். கொடுத்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள், மறுத்தால் இவர்கள் பேச மாட்டார்கள். வருடத் தொடக்கத்திலேயே தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, தீபாவளி நான்கையும் ஒரே தாளில் எழுதி, யார் யாருக்காக நிற்பார்கள் என்று எல்லோரையும் வைத்துப் பேசிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஹரி ராயாவுக்கு நம்மவர்கள் நின்றால் தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நிற்பது பல ஷிப்டுகளில் நடப்பதுதான். முதல் வருடம் தைப்பூசத்தன்று நீங்களே வேலைக்கு வாருங்கள், அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பயிற்சியையும் கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள உற்பத்தி நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாக, அதாவது கட்டாயக் கட்டணமாகக் கட்டுகின்றன. சூப்பர்வைசர் பயிற்சிக்கு அதிலிருந்து எடுக்க வழி இருக்கிறது.

என்னைக் கேட்டால், அந்த இரண்டு வரி கடிதத்தில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். 4,200இல் ஷிப்ட் அலவன்ஸ் அடங்குமா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள், மேலே போட்ட கணக்கு அதைப் பொறுத்து மாறும். கடிதம் வந்ததும் அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டுங்கள். நஷ்டம் இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவர் அவர்தானே.