தேய்ச்ச இடமே வெந்து போச்சு, டாக்டர்!

கேள்வி: டாக்டர், நாங்க ஏற்காடு. அம்மாவுக்கு 63 வயசு, காப்பித் தோட்டத்துல மேடு பள்ளம் ஏறி இறங்கியே முட்டி தேஞ்சு போச்சுங்க. நைட்டு வலி ஜெல்லைத் தேய்ச்சு, குளிருக்கு சுடுதண்ணி பையும் வச்சு, மேல முட்டியை இறுக்கிப் பிடிக்கிற உறையை (knee cap) மாட்டிட்டு தூங்கிருவாங்க. போன வாரம் காலைல கழட்டிப் பார்த்தா அந்த உறை இருந்த அளவுக்கு அப்படியே செவந்து, ரெண்டு கொப்புளம். வெளிய தடவுறதுக்குக் கூடவா சைடு எஃபெக்ட் இருக்கு?

பதில்: இருக்கும்மா. ஆனா ஜெல்லை மட்டும் திட்டாதீங்க, சூடும் இறுக்கமும் கூட்டு சேர்ந்துருக்கு. மென்தால், மெத்தில் சாலிசிலேட், மிளகாய்க் காரமான கேப்சைசின் இதெல்லாம் இருக்குற வலி மருந்து தடவுன இடம் வெந்து கொப்புளம் வந்துருக்குன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012லயே எச்சரிச்சாங்க, அதுக்கு மேல சுடுதண்ணி பை வைக்காதீங்க, இறுக்கிக் கட்டாதீங்கன்னும் சொன்னாங்க. இப்போதைக்கு ஜெல்லை நிறுத்துங்க, பச்சத் தண்ணில கழுவுங்க, கொப்புளத்தை உடைக்க வேணாம், உங்க ஊர்ப் பழக்கம்னு காப்பித்தூளையும் அப்பிடாதீங்க, கொப்புளம் வந்தாச்சுன்னா ஒரு தடவை டாக்டர்கிட்ட நேர்ல காட்டிருங்க.

இன்னொன்னு, ட்யூப்ல டைக்ளோஃபெனாக்னு போட்டிருந்தா அது வலி மாத்திரைல இருக்குற அதே மருந்துதான். மாத்திரையா முழுங்குனா ரத்தத்துல சேர்றதுல சுமார் 6 சதவீதம்தான் ஜெல் வழியா போகும், அதனால வயிறு அவ்வளவா கெடாது, ஆனா சுத்தமா போகாதுன்னு இல்ல. அல்சர், கிட்னி பிரச்சனை, ஆஸ்பிரின் போட்டா மூச்சு இழுப்பு வர்றவங்க கேக்காம தடவக்கூடாது. ஜெல்லும் தேய்ச்சு மாத்திரையும் முழுங்குறவங்க நம்மூர்ல ஜாஸ்தி, கேட்டா "அது வேற இது வேற"ம்பாங்க. கீட்டோப்ரோஃபென்னு இன்னொரு வலி மருந்து இருக்குற ஜெல்லுன்னா தடவுன இடத்துல வெயிலே படக்கூடாது, நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும்.

அம்மா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் ஏதும் சாப்பிடுறாங்களா? அப்படின்னா மூக்கைத் துளைக்கிற வின்டர்கிரீன் வாசனைத் தைலம் எதுவும் தினம் தேய்க்க வேணாம், அதுல இருக்குற மெத்தில் சாலிசிலேட் உள்ள போயி ஈறுல ரத்தம், கன்னிப்போறது எல்லாம் வரலாம்.

ட்யூப்பைத் தூக்கிப் போட்டுறாதீங்க, டாக்டர்கிட்ட போறப்ப பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. பேரு கேட்டா எல்லாரும் "அந்தப் பச்ச ட்யூப்பு சார்"னுதான் சொல்றாங்க.